தண்ணி விழுதா?

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரன் காதுக்கு ஓய்வு கிடையாது. மதுரை, சென்னை என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தங்கள் எல்லாம் போன் போட்டு ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "குத்தாலத்துல தண்ணி விழுதா?" வருஷம் முழுக்க நம்மை மறந்திருந்தவர்களுக்கு அப்போதுதான் பாசம் பொத்துக்கொண்டு வரும். எனக்குப் பற்றிக்கொண்டு எரியும்.

ஒருத்தி கேட்டால் மட்டும் எரியாது. கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா. புளியங்குடியில் அப்பா வைத்த எலுமிச்சைத் தோட்டத்தில் என் பங்கை விற்று முதல் கம்பெனியைத் தொடங்கினேன். அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அந்தக் கம்பெனி மூழ்கியது, அடுத்ததும் மூழ்கியது. ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஆனால் ஆனி பிறந்தால் போன் வந்துவிடும்.

"ஏலே, தண்ணி விழுதா?"

"விழுதுக்கா. அஞ்சருவியில நல்லா விழுது."

"சரி… நீ எளைச்சுட்டன்னு சொன்னாவ. நேரத்துக்குச் சாப்பிடுதியா?"

அருவியில் தொடங்கிய பேச்சு என் வயிற்றுக்கு வந்து, அப்பாவின் திவசத்தில் போய் முடியும். அப்புறம் மறுபடி ஒரு வருஷம் மௌனம். அந்த ஒரு போனுக்காக நான் காத்துக் கிடந்தது அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

மூன்றாவது கம்பெனியை மேலகரத்தில் தொடங்கினேன். சீசனில் ஆபீசில் எல்லார் போனும் இதே கேள்விக்காக அலறியது. அட, இதைத்தானே விற்க வேண்டும்! அருவிகளைப் பார்த்துக் கேமரா வைத்தோம். தண்ணீர் எவ்வளவு, கூட்டம் எப்படி, குளிக்க விடுகிறார்களா, எல்லாம் ஆப்பில் தெரியும். பிய்த்துக்கொண்டு போனது. பெரிய கம்பெனி ஒன்று வந்து மொத்தமாக வாங்கிக்கொண்டது. இன்று நான் முதலீட்டாளர். தொழில் தொடங்க வரும் பிள்ளைகள் என் எதிரே உட்கார்ந்து, ஜனங்களின் எந்தத் தொல்லையைத் தீர்க்கப்போகிறோம் என்று விளக்குகிறார்கள். கேட்கவே பயமாக இருக்கிறது.

ஆப் வந்த ஆனியில் அக்கா கூப்பிடவில்லை. அடுத்த ஆனியிலும் இல்லை. உடம்புக்கு என்னவோ என்று பதறி விசாரித்தேன். நன்றாகத்தான் இருந்தாள், குடும்பத்தோடு வந்து பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டும் போயிருந்தாள்.

இந்த வருஷம் முதல் சாரல் விழுந்ததும் நானே கூப்பிட்டேன். வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, தண்ணி விழுது."

"தெரியும்லே. உன் ஆப்புலதான் பாத்துக்கிட்டு இருக்கேன். நல்லா தெளிவா தெரியுது."

அடுத்து என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாள் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சரி, வச்சிருதேன்," என்றாள்.