பார்சல்களோடு பாலம் ஏறியபோது

போன வருடம் துர்கா பூஜை முடிந்த வாரம். கொல்கத்தாவில், டாலிகஞ்சில் நாங்கள் இருக்கும் காலனியிலிருந்து திருச்சிக்கு, அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கிளம்பினோம். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. உட்கார்ந்து போகக் கூடாது, படுத்தபடி போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேத்தி கல்யாணத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். அதனால் கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஓட்டியது என் அக்கா.

கொல்கத்தாத் தமிழர்களிடம் ஊருக்குப் போகிறோம் என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு பார்சலோடு வந்து நிற்பார்கள். வீடே சக்கரத்தில் போகிறது என்று தெரிந்தால் விடுவார்களா? பவானிபூர் மாமி திருச்சியிலிருக்கும் மகளுக்கென்று கோபிந்தபோக் என்ற வங்காள வாசனை அரிசி மூட்டையே கொண்டுவந்தார். இன்னொருவர் தையல் மெஷின். நாங்கள் காகிமா என்று கூப்பிடும் மேல்மாடி வங்காளிச் சித்திகூட மண்சட்டி மண்சட்டியாக மிஷ்டி இனிப்பு கொடுத்தார். “சின்ன பார்சல்தாம்மா, ஒரு ஓரமா கிடக்கும்” என்பதே எல்லோருக்கும் பல்லவி. ஓரமாகத்தான் கிடந்தன. அம்மாவின் கட்டில் வலப்பக்கம் என்பதால் மொத்தமும் இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே ஏறியது. தண்ணீர்த் தொட்டியையும் விளிம்புவரை நிரப்பினோம். எவ்வளவு எடை ஏற்றலாம், டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று கதவோரம் ஒரு தகடு இருந்தது. அதன்மேல் என் துப்பட்டா தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் கிடர்பூரைத் தாண்டி இரண்டாவது ஹூக்ளிப் பாலத்தில் ஏறினோம். பாதிப் பாலத்தில் படாரென்று ஒரு சத்தம். வண்டி இடப்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடியது. ஒரு பக்கம் தடுப்பு, அதற்குக் கீழே ஆறு. மறுபக்கம் உரசுகிற மாதிரி மினி பஸ். நான் அலறினேன். என் கால் தன்னால் தரையை ஓங்கி மிதித்தது, அங்கே பிரேக் இருப்பது போல. அக்கா ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தாள். பிரேக்கைத் தொடவே இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். வண்டி தானாக வேகம் குறைந்து ஓரமாகப் போய் நின்றது.

பின்னால் ஓடினேன். பெல்ட் போட்டுப் படுத்திருந்த அம்மா, “ஏன்டி இப்படிக் கத்தறே, பாத்திரம் ஏதாவது விழுந்துடுச்சா?” என்று கேட்டாள்.

இறங்கிப் பார்த்தால் இடப்பக்கப் பின்டயர் நார்நாராகக் கிழிந்திருந்தது. காற்றுக் குறைந்த டயர் அளவுக்கு மீறிய எடையில் நசுங்கி நசுங்கிச் சூடேறி வெடிக்கும் என்பதையும், அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் வண்டி சுழன்று கவிழலாம் என்பதையும் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம். அன்று அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. எப்படி மிதிக்காமல் இருந்தாய் என்று கேட்டேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி சொன்னாள்: “மிதிக்கத்தான் கால் போச்சு. அம்மா முதுகு ஞாபகம் வந்துச்சு. அப்படியே மெல்ல எடுத்துட்டேன்.”

அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். டிவி ரிமோட்டுக்காக என்னோடு மல்லுக்கு நிற்கிறவள் இவள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது. செய்திருந்தால் அதே காலால் உதைத்திருப்பாள்.

ஸ்டெப்னி மாட்டி, பாலத்தைத் தாண்டி, லாரிகளை எடை போடும் மேடையில் வண்டியை ஏற்றினோம். தகடு சொன்னதைவிட எக்கச்சக்கம். பார்சல்களை இறக்கியாக வேண்டும் என்று, கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கத்தோடு காலனிக்குப் போன் செய்தேன். கொடுத்தவர்களே டாக்சி பிடித்து வந்துவிட்டார்கள். மாமிதான் முதலில் மூட்டையை இறக்கச் சொன்னார். “அரிசி அங்கேயும் விக்கறான். நீங்க நல்லபடியா போய்ச் சேருங்கோ.” தொட்டியில் பாதியைத் திறந்துவிட்டு, டயர்கள் ஆறும்வரை காத்திருந்து, தகட்டில் உள்ள அளவுக்குக் காற்று பிடித்துக்கொண்டு கிளம்பினோம்.

மண்டபத்தில் சாய்ந்து படுத்தபடியே அம்மா பேத்திக்கு அட்சதை போட்டாள். வழியில் ஒரு பஞ்சர் ஆனதைத் தவிர ஒரு கஷ்டமும் இல்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். அம்மாவுக்கு இன்றுவரை அது ஒரு பஞ்சர்தான். எனக்கோ, தன் உயிரே போகிற நேரத்திலும் ஒரு மகளின் கால் அம்மாவின் முதுகை நினைக்கும் என்று கண்ணால் கண்ட இடம்.