அடிப்பதற்கு முன் ஒரு பார்வை

நான் கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்ததே இல்லை. ஆனால் பந்தை அடிப்பதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். முதலில் பந்துக்குப் பின்னால் நின்று அது போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். அதே கோட்டில், பந்துக்குச் சற்று முன்னால் கிடக்கும் ஒரு சருகையோ புல் நுனியையோ குறியாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பக்கவாட்டில் வந்து, மட்டையின் முகத்தை அந்தக் குறிக்கு நேராக வைத்துவிட்டு, அப்புறம்தான் கால்களை ஊன்ற வேண்டும். பிடி இறுகிவிடாமல் மணிக்கட்டை லேசாக ஆட்டிக்கொண்டு அடிக்க வேண்டும். எல்லாம் மகளைப் பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிப் போய் வந்ததில் கற்றுக்கொண்டதுதான்.

பள்ளி விடுமுறையில் பொழுதுபோகட்டும் என்று சேர்த்துவிட்டோம். அங்கிருந்த கோச், இவளுக்கு இது நன்றாகக் கைவருகிறது என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். சிங்காநல்லூரில் எங்களுக்கு ஒரு பம்புசெட் பட்டறை இருக்கிறது. பேருக்குத்தான் கணவர் முதலாளி. நான் ஒருமுறை பார்த்துத் தலையாட்டாமல் ஒரு மோட்டார்கூடக் கேட்டைத் தாண்டாது. அப்படிப்பட்டவள் மைதானத்துப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பேனா?

மகளுக்கு எதிலும் அவசரம். குறி பார்க்கமாட்டாள், காலை ஒழுங்காக வைக்கமாட்டாள், பந்தைக் கண்டதும் அடித்துவிடுவாள். பந்து வேலிப் பக்கம் ஓடும். கோச் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒருநாள் அவளை அழைத்து, "காலை வெச்சதும் என்னையப் பாரு கண்ணு. நான் தலையாட்டுனா மட்டும் அடி" என்றேன்.

அன்றே பலன் தெரிந்தது. அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்வாள். கடைசியில் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பாள். கால் சரியாக இருந்தால் தலையாட்டுவேன், பந்து நேராகப் போகும். பட்டறையில் எடுபட்டது இங்கேயும் எடுபடுகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கோச் மட்டும் ஒருநாள் தயங்கித் தயங்கி, "ஏனுங்க, அந்தப் பழக்கத்துல நீங்க வேண்டாமுங்க. அது பாப்பாவுக்கும் பந்துக்கும் நடுவுல இருந்தாப் போதுமுங்க" என்றார். அவரால் முடியாததை நான் செய்துவிட்ட வயிற்றெரிச்சல் என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

இன்னொரு நாளையும் சொல்லிவிடுகிறேன். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை. தோழிகளோடு சினிமாவுக்குப் போகக் கேட்டிருந்தாள், நான் விடவில்லை. வரும் வழியெல்லாம் எதிர்த்துப் பேசிக்கொண்டே வந்தாள். மைதானத்தில் காலை வைத்துவிட்டு வழக்கம்போல் என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு கூடை நிறைய இருந்த பந்துகளையும் அடித்து முடித்துக் கிளம்பிவிட்டார்கள். இவள் மணிக்கட்டை ஆட்டுவதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றாளே தவிர, ஒரு பந்தைத் தொடவில்லை. கடைசியில் "ஸாரிங்கம்மா" என்றாள். நான் தலையாட்டினேன். பிள்ளை வழிக்கு வந்துவிட்டாள் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டவள் நான்.

இந்த வருஷம் எங்கள் ஊரிலேயே பிள்ளைகளுக்கான போட்டி ஒன்று நடந்தது. பெற்றோர் தள்ளி நின்று, ஓரப் பாதையில் கூடவே நடந்து வரலாம். பேசவோ சைகை காட்டவோ கூடாது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவள் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தாள், என் தலையும் ஒவ்வொரு தடவையும் ஆடியது. பாதி ஆட்டத்தில், கூட விளையாடிய பெண்ணின் அப்பா போய்ச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மேற்பார்வைக்கு இருந்த பெரியவர் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி, நீங்க கிளப் ஹவுஸ்ல உக்காந்துக்கிறீங்களா" என்று கேட்டார். எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. ஆனாலும் அவ்வளவு மரியாதையாகச் சொல்பவரிடம் எப்படிச் சண்டைக்குப் போவது? மகளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வந்து கிளப் ஹவுஸ் வராந்தாவில் உட்கார்ந்தேன்.

பந்தைப் போட வேண்டிய கடைசிக் குழி வராந்தாவுக்கு நேர் எதிரே இருந்தது. அவர்கள் வந்தபோது மகளின் முகம் சுண்டிப்போயிருந்தது. பந்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள், குறி வைத்தாள், காலை ஊன்றினாள். பிறகு தலையைத் திருப்பி ஓரப் பாதையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. மணிக்கட்டை ஆட்டினாள், மறுபடி பார்த்தாள், காலை எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றுவிட்டாள். பின்னால் வந்த பிள்ளைகள் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தார்கள். பெரியவர் பக்கத்தில் போய் நேரமாகிறது என்று ஏதோ சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. எழுந்து போய் அவள் கண்ணில் படும்படி நிற்கத்தான் என் கால் துடித்தது. தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில், சிங்காநல்லூரில் வழக்கமாகப் போகும் பேக்கரியில் வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் அவளிடம், முட்டை பஃப்ஸா தேங்காய் பன்னா என்று கேட்டார். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

பதினைந்து வயதுப் பெண். பஃப்ஸா பன்னா என்பதற்கு என் முகத்தைப் பார்க்கிறாள். அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் என்னைப் பார்ப்பாள். மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் என்னைப் பார்ப்பாள். அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை என்று சொந்தக்காரர்கள் மெச்சும்போது நான் பூரித்துப்போயிருக்கிறேன். அது மரியாதை இல்லை. அவசரக்காரியாக, துடுக்காக இருந்த ஒரு பெண்ணை நான்தான் இப்படி ஆக்கியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்குப் போகும் வழியெல்லாம், அவளிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வண்டியை ஓட்டினேன். இனி என்னைப் பார்க்காதே என்று சொன்னால் அதுவும் ஒரு உத்தரவாகிவிடும். பேசாமல் காரிலேயே இருந்துகொள்ளலாம் என்றால், கைவிட்டுவிட்டேன் என்று நினைப்பாள். ஒன்றும் முடிவாகாமலேயே போய் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் பந்தை வைத்தாள், காலை ஊன்றினாள், தலையைத் திருப்பப் போனவள் பாதியில் நின்றாள். மட்டையைக் கீழே போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஏனுங்கம்மா, இனிமே உங்களைப் பாக்காமயே அடிச்சுப் பாக்கட்டுங்களா?"

அதை என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை கண்ணு என்று சொல்லியிருக்க வேண்டும். அடுக்கி வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் வரும்வரை அங்கிருந்து நகரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நான் தலையாட்டினேன். அவள் பந்தை நோக்கி நடந்தாள்.