அழாத குழந்தைகளின் அறை

என் மகளுக்கு அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது. தலை எப்போதும் இடப்பக்கமே சாய்ந்திருக்கும். வலப்பக்கம் திருப்பினால் வீறிடுவாள். திருப்பாவிட்டாலும் மாலையானால் அழுகைதான். தொம்மலூரில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். மாடிப்படியில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாரும், "நேத்தும் தூங்கலையா?" என்றுதான் கேட்பார்கள்.

கணவரின் ஆபீசில் யாரோ ஒரு கைரோபிராக்டரைப் பற்றிச் சொன்னார்கள். முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தியே சரிசெய்பவர். பச்சைக் குழந்தைகளையும் பார்ப்பாராம்.

"ஒரு தடவ காட்டிப் பாப்போமே. மருந்தா மாத்திரையா, வெறும் கைதானே?" என்றார் கணவர். எனக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை.

அந்த மனிதர் மிக மெதுவாகப் பேசினார். கத்திக்கொண்டிருந்த குழந்தையைக் குப்புறப் போட்டு, முதுகுத்தண்டின் இருபுறமும் விரல்களை ஓட்டினார். கழுத்துக்குக் கீழே ஓரிடத்தில் விரல் நின்றது. "இல்லே இதெ, மேடம்" என்றார். கன்னடத்தில் அதற்கு 'இங்கேதான் இருக்கிறது' என்று அர்த்தம். என் காதில் முதலில் தமிழ் 'இல்லே' என்றுதான் விழுந்தது. எது இருக்கிறது என்று கேட்பதற்குள் அழுத்திவிட்டார்.

அழுகை நின்றது. தேம்பித் தேம்பி மெல்ல அடங்கியதல்ல. பாடிக்கொண்டிருக்கிற ரேடியோவில் கரண்ட் போனதுபோல நின்றது.

வீட்டுக்கு வந்தும் அவள் அழவில்லை. நான் துணி மடித்து, சமைத்து, கொஞ்சம் கண்ணயர்ந்தும் விட்டேன். பால் கட்டி ரவிக்கை நனைந்த பிறகுதான் நேரம் தப்பியது உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். எடுத்து மார்பில் போட்டதும் ஆவேசமாகக் குடித்தாள். அவ்வளவு பசி. ஆனால் ஒரு முனகல்கூட வரவில்லை.

"ஏங்க, பாப்பா இன்னிக்கு ஒரு தடவகூட அழல."

"அதுக்குத்தானே போனோம்?" கணவர் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் நன்றாகத் தூங்கினார்.

அடுத்த வாரமும் காட்டச் சொல்லியிருந்தார்கள். கணவருக்கு வேலை இருந்ததால் நான் மட்டும் குழந்தையோடு போனேன். சனிக்கிழமை, காத்திருக்கும் அறையில் நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு மடியிலும் ஒரு கைக்குழந்தை. உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். வெளியே ரோட்டில் ஹாரன் சத்தம் தெளிவாகக் கேட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தூங்குகின்றனவோ என்று பார்த்தேன். எல்லாம் விழித்திருந்தன.

பக்கத்தில் இருந்த பெண் மர்பி டவுனிலிருந்து வருவதாகச் சொன்னாள். மடியில் ஆறேழு மாதப் பையன்.

"மொதல்ல என்னா கத்து கத்துவான் தெரியுமா? இப்ப சும்மனே இருக்கான்" என்றாள்.

"பசிச்சா அழுவான்ல?"

"இல்லயே. போன்ல அலாரம் வெச்சிருக்கேன். அடிச்சா பால் குடுப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "முந்தாநாள் கட்டில்லருந்து விழுந்துட்டான், அக்கா. தொம்முனு சத்தம் கேட்டு ஓடுனேன். இங்க பாருங்க, வீங்கியிருக்கு. அப்பகூட அழல. கீழ கெடந்துக்குனு என்னையே பாத்துக்குனு இருந்தான்."

சொல்லும்போது அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

"இவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே போங்க" என்றேன். அவள் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். அந்த நேரம் என் மகளின் முறை வந்து கூப்பிட்டார்கள். நான் எழுந்து, உள்ளே போகாமல் வாசலைப் பார்த்து நடந்தேன். பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணும் பையனோடு படியிறங்கி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

நான் நேராகக் குழந்தை மருத்துவரிடம் போனேன். அவர் தலையிலிருந்து கால்வரை பொறுமையாகப் பரிசோதித்தார்.

"கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருக்கு. அதனாலதான் சாயுது. எக்சர்சைஸ்ல சரியாயிடும். இந்த வயசுல கழுத்தை யார் கையிலயும் அழுத்தக் குடுக்காதீங்கம்மா."

"ஏன் டாக்டர் அழவே மாட்டேங்குறா?"

அவர் ஸ்டெதஸ்கோப்பை மறுபடியும் அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டார். "பாத்த வரைக்கும் தப்பா ஒன்னும் தெரியல. பால் குடிக்கிறது குறைஞ்சாலோ, துவண்டு போனாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்.

அன்றிலிருந்து எந்த நேரமும் மகள் பக்கத்திலேயே இருந்தேன். சொன்ன பயிற்சிகளைச் செய்தேன். வலப்பக்கம் திருப்பும்போது வலித்திருக்கும். முகம் சுருங்கும், வாய் திறக்கும், ஆனால் சத்தம் வராது. அந்தத் திறந்த வாயைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் குளிப்பாட்டும்போது கண்ணில் சோப்பு பட்டது. வாய் திறந்தது. வழக்கம்போல ஒன்றுமில்லை என்று நினைத்த நொடியில், எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல மெல்லிய ஒலி ஒன்று எழுந்து, பெருகி, குளியலறை முழுவதும் அலறலாக நிறைந்தது. பக்கத்து அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த கணவர் ஹெட்போன் கழுத்தில் தொங்க ஓடி வந்தார். நான் அவளை ஈரத்தோடு நெஞ்சில் சேர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்க, பாப்பா அழுவுறா" என்றேன். அவரும் அந்த ஈரத்தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்தார்.