மேல் மூலையில் ஒரு வட்டம்

கல்யாண வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் எடிட் செய்யப் பழகிய காலத்தில், எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டவை ட்ராக்குகள்தான். கீழ் ட்ராக்கில் ஒரு படம் ஓடும். மேல் ட்ராக்கில் இன்னொன்றை வைத்துச் சுருக்கினால், பெரிய படத்துக்குள் சின்னப் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில், கையில் சிக்கியதையெல்லாம் இப்படி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கொடைரோட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்கு சர்ச்சில் கல்யாணம் முடிந்திருந்தது. துபாயில் வேலை பார்த்த மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் தங்கைக்கு வாழ்த்துச் சொல்லி, பூ கிடைக்காமல் காகிதத்தைக் கிழித்து கேமராவை நோக்கித் தூவி, அதை சிடியில் அனுப்பியிருந்தான். வீட்டில் சிடி போட வசதியில்லாததால் அம்மாவே இன்னும் அதைப் பார்க்கவில்லை.

"தாலி கட்டுறப்ப எம்மகனும் கூட இருக்கற மாதிரி பண்ணிக் குடு அப்பு. அது போதும்."

அவன் முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி, ஓரங்களை மங்கலாக்கி, மேல் மூலையில் மெல்லத் தோன்றவைத்தேன். எனக்கு ஒரே பெருமை. அம்மாவின் முகமோ சுருங்கிப்போனது.

"எம்மகன் உசுரோடதான இருக்கான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர் வீடியோக்களில் தாலி கட்டும் நேரம் மேல் மூலை வட்டத்தில் வருகிறவர்கள் எல்லாரும் இறந்துபோனவர்கள். அங்கிருந்துதான் ஆசீர்வாதம் செய்வார்கள். பழகிய கை அவனையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டது.

"செத்த நேரம் உக்காருங்கம்மா, மாத்திருவோம்" என்றேன். சங்கடம் ஒருபுறம், ஆர்வம் மறுபுறம். சதுரமாக்கிக் கீழே இறக்கினால் செய்தி வாசிப்பவன் மாதிரி இருந்தான். நடுவில் வைத்தால் மாப்பிள்ளையை மறைத்தான். அதே முகம், அதே சிரிப்பு. இடம் மாறினால் ஆளே மாறிப்போகிறான். அது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் ட்ராக்குகளையே மாற்றிப்போட்டேன். மகன் திரை முழுக்க. கல்யாணம் சின்னக் கட்டமாக அவன் கை நீளும் பக்கத்தில். மாப்பிள்ளை முடிச்சுப் போடும்போது அவன் காகிதம் தூவினான். அவ்வளவு பொருத்தம். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன்.

அவர் கல்யாணத்தைப் பார்க்கவேயில்லை. மகன் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தலையை இடிக்கிற மாதிரி மேலே இன்னொரு கட்டில். அதிலிருந்து யாருடைய கால்களோ தொங்கின. பின்னால் கயிறு நிறைய ஈரத்துணிகள்.

"தனி ரூம்னுல்ல சொன்னான்" என்றார்.

நான் படத்தை நிறுத்தினேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"வட்டமாவே வச்சிரு அப்பு. மூஞ்சி மட்டும் தெரிஞ்சாப் போதும், இத அவன் தங்கச்சி பாக்க வேணாம். கொஞ்சம் கீழ மட்டும் எறக்கிரு."