எருசலேமுக்குப் போக முடியாதவர்களின் ராஜா

போன ஜனவரி ஏழாம் தேதி ஷார்ஜாவிலிருந்து ஜெபல் அலிக்குப் போய் வந்தேன். எத்தியோப்பியர்களுக்கு அன்றைக்குத்தான் கிறிஸ்துமஸ். எங்கள் கிளினிக்கில் ரிசப்ஷன் பார்க்கும் அஸ்தேர் அங்குள்ள அவர்கள் தேவாலயத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். அவள் ஊர் எத்தியோப்பியாவின் லலிபெலா. மலைப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த தேவாலயங்கள் உள்ள ஊர். ஆறு வருடமாக அவள் போகவில்லை. அதற்கு முந்தின ஆண்டு லீவு கிடைத்தும், அந்தப் பக்கம் சண்டை என்று பயணத்தைக் கைவிட்டாள். இந்த முறை இரண்டு வாரமாக அம்மாவின் போனே கிடைக்கவில்லை.

ஷார்ஜாவிலிருந்து துபாயின் யூனியன் ஸ்டேஷன் வரை பஸ், பன்னிரண்டு திர்ஹம். பிறகு சிவப்பு லைன் மெட்ரோ, ஏழரை திர்ஹம். கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு டாக்ஸி. ஓட்டுநர் ராமநாதபுரத்துக்காரர். அஸ்தேரின் வெள்ளை உடையைப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டார். அவளும் நானும் இந்தியில்தான் பேசிக்கொள்வோம். நடுவில் நான் மொழிபெயர்த்தேன்.

"எண்ணூறு வருஷத்துக்கு முந்தி லலிபெலான்னே ஒரு ராஜா. அவரே குருவாவும் இருந்தாராம்," என்றேன்.

"ராஜாவே பூசாரியா? அப்ப அவரக் கேக்க ஆளே இல்லையேக்கா."

அஸ்தேர் சிரித்தாள். "இருந்தாங்க. பெரிய பிஷப்பை ராஜா இஷ்டத்துக்கு வைக்க முடியாது. எகிப்துல இருந்துதான் வரணும்."

ராஜா தேவாலயங்களுக்கு நிலம் எழுதி வைத்தார். குருமார்கள் அவர் ஆட்சிக்காக ஜெபித்தார்கள். ஜனங்களால் எருசலேமுக்கு யாத்திரை போக முடியாமல் போனபோது, அந்த நகரத்தையே தன் மலையில் செதுக்கினார் என்பது ஊர்க்கதை. அங்குள்ள ஓடைக்கும் யோர்தான் என்றுதான் பேர்.

"போக முடியாதவங்களுக்குன்னே கட்டிருக்காரு," என்றார் ஓட்டுநர்.

தேவாலயத்துக்குள் சாம்பிராணிப் புகை, மேள ஒலி, எங்கும் வெள்ளைத் துணி. அஸ்தேர் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். ஆராதனை முடிந்து வெளியே இன்ஜெரா என்கிற அவர்களுடைய புளித்த தோசையைச் சாப்பிடும்போது அது அடித்தது. அவள் அம்மாதான். பின்னால் ஆண்களின் குரல்கள் ஏறி இறங்கின. லலிபெலாவின் மரியாள் கோயிலைச் சுற்றிய பாறை விளிம்பில் நின்று குருமார்கள் பாடுகிறார்கள் என்று அஸ்தேர் சொல்லி, எனக்கும் கேட்கட்டும் என்று போனை எங்கள் இருவர் காதுக்கும் நடுவே பிடித்தாள். சீக்கிரமே லைன் அறுந்துவிட்டது.

"என்ன சொன்னாங்க?"

"நடந்தே கோயிலுக்கு வந்து சேர்ந்துட்டாங்களாம். எனக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டாங்களாம்." தட்டைக் கீழே வைத்தாள். "இப்போதைக்கு வராதேன்னு சொன்னாங்க."

அவள் திரும்ப உள்ளே போய்ச் சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். என் மகள் தென்காசியில் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்று தெரிந்தும் அவளுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இந்த ஜெபல் அலி தேவாலயத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு: பெண்கள் தலையை மூட ஒரு துணி வேண்டும், வெள்ளையாக இருந்தால் நல்லது. செருப்பை வாசலில் விட வேண்டும். படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள், மறுக்காதீர்கள். உங்கள் ஊரைப் பற்றியும் கேட்பார்கள். அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.