அப்பாவின் மறுமொழி

என் அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இந்தச் சாமி, அந்தச் சாமி என்ற பேதமெல்லாம் இல்லை. எல்லாச் சாமிக்கும் ஒரே பதில்தான். யாராவது திருநீற்றுத் தட்டை நீட்டினால், "இருக்கட்டுங்க, சந்தோசமுங்க" என்று கும்பிட்டு ஒதுங்கிக்கொள்வார். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருந்தவர். விலை பேச வந்து திட்டிவிட்டுப் போகிறவனையும் "போய்ட்டு வாங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்புவார். மரியாதை ஒன்றுதான் அவருக்கு மதம் என்று அம்மா சொல்வார்.

நான் கோயமுத்தூரில் என்னோடு வேலை பார்த்த ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னபோது, அப்பா அவரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி, "பெரியவங்ககிட்ட மரியாதையாப் பேசுவாரா அம்மிணி?" என்பதுதான். பேசுவார் என்றேன். முடிந்தது விசாரணை.

சிக்கல் அதன்பிறகு வந்தது. கல்யாணத் தேதி பேச மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய அம்மா, அதாவது என் மாமியார், "பூசைக்குப் போய்ட்டு வந்து பேசலாங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பாவும் கூடவே கிளம்பிவிட்டார். மறுப்பது மரியாதையில்லை அல்லவா. சர்ச்சில் நான் அப்பாவின் பக்கத்தில் நின்றேன். பாதிரியாரைச் சாமியார் என்றுதான் அங்கே சொல்வார்கள்; அவர் கைகளை விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். கோயில் மொத்தமும், "உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்றது. அப்பா திடுக்கிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். அன்று பூசை முடியும்வரை சாமியார் ஒவ்வொன்றாகச் சொல்ல, எல்லோரும் பதில் சொல்ல, அப்பா மட்டும் கடன்காரரைப் போல நெளிந்துகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "ஒரு பெரிய மனுசன் வாய் நெறைய நம்மள வாழ்த்தறாரு. நான் கம்முன்னு நிக்கறேன். அவரு என்ன நெனைப்பாரு? கல்யாணத்தன்னிக்கு இப்புடி நிக்கக் கூடாது கண்ணு."

"உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லீங்களேப்பா."

"வணக்கம்னு ஒருத்தர் சொன்னா திருப்பிச் சொல்றோம். அதுக்கு நம்பிக்கை எதுக்கு?"

அந்தப் பதில்களைத் தனக்கும் சொல்லித்தரும்படி அன்று சாயங்காலமே மாமியாரிடம் கேட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் மாமியார். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். தினமும் வாட்ஸப்பில் ஒரு மறுமொழியைத் தன் குரலில் பதிவு செய்து அனுப்பத் தொடங்கினார். அப்பா அதைத் திருப்பிச் சொல்லி அனுப்புவார். இவர் திருத்தி அனுப்புவார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, "உம்" என்ற சொல்லில் அப்பா முட்டிக்கொண்டு நிற்கும்வரை.

"சம்பந்தியம்மா, இந்த 'உம்' வேண்டாமுங்க. வயசான சாமியாரு, எனக்கு முன்னப்பின்ன பழக்கமில்லாதவரு. அவரப் போயி 'உம்'முன்னு எப்புடிங்க சொல்றது?"

"அது செபத்துல வர்ற தமிழுங்க. கடவுளையே நாங்க 'நீர்'னுதானுங்களே கூப்பிடறோம்."

"கடவுள என்னமோ கூப்பிட்டுக்கோங்க, அது உங்க ரெண்டு பேருக்குள்ள. சாமியார நான் அப்புடிச் சொல்லமாட்டனுங்க."

போனின் ஸ்பீக்கரில் மாமியார், "சரிங்க, உங்க விருப்பம்" என்றார். அந்த அம்மாவின் வாழ்நாளில் செபத்தில் கைவைக்க ஒருவரை அனுமதித்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

கல்யாண ஜாக்கெட்டைத் தையல்காரரிடமிருந்து வாங்க நானும் அப்பாவும் காந்திபுரம் போனோம். அங்கே காரை நிறுத்த இடம் கிடைக்காது என்று பஸ்ஸில் போனோம். அப்பா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அன்றைய பாடத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். தான் எவ்வளவு சத்தமாகச் சொல்கிறோம் என்று காதடைத்த அவருக்குத் தெரியவில்லை.

"ஆண்டவரே, இரக்கமாயிரும்!" என்றார்.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எங்கீங்க எறக்கம்?"

அப்பா கண்ணை மூடியபடி, "எங்களுக்கு இரக்கமாயிரும்!" என்றார்.

"அதாங்க, எங்க எறக்கணும்? துடியலூருங்களா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார். பஸ் துடியலூரில் நின்றது. அப்பா இயர்போனைக் கழற்றி, "ஏனுங்க, யாராச்சும் எறங்கறாங்களா?" என்று அக்கறையோடு கேட்டார். காந்திபுரம் வரைக்கும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கல்யாணத்தன்று எங்கள் உறவினர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து வேன்களில் வந்து இறங்கினார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குமுன் சர்ச்சுக்குள் கால் வைத்ததில்லை. எப்போது உட்காருவது, எப்போது எழுந்திருப்பது என்று எல்லோருக்கும் ஒரே பதற்றம். அப்பா வாசலிலேயே அவர்களைக் கூட்டிவைத்துத் தைரியம் சொன்னார். "ஒண்ணும் பயப்படாதீங்க. என்னையப் பாருங்க. நான் எந்திரிச்சா எந்திரிங்க, உக்காந்தா உக்காருங்க. நான் சொல்றதத் திருப்பிச் சொல்லுங்க, போதும்."

நான் ஞானஸ்நானம் பெறாதவள் என்பதால் முழுப் பூசை இல்லை. பைபிள் வாசகம், செபம், தாலி கட்டுதல் மட்டும். சாமியார் கைகளை விரித்தார். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக."

"உங்க ஆன்மாவோடும் இருப்பாராகங்க!"

முன்வரிசையிலிருந்து அப்பா முழங்கினார். அவர் பின்னால் பாதிக் கோயில் அதையே முழங்கியது. மாப்பிள்ளை வீட்டாரின் "உம்" எங்கே போனதென்றே தெரியவில்லை. சாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எங்கள் பக்கத்தை ஒருமுறை பார்த்தார்.

அதோடு நின்றிருந்தால் நான் தப்பித்திருப்பேன். முதல் வாசகம் நடக்கும்போது அப்பாவின் கைக்குட்டை கீழே விழுந்துவிட்டது. எடுக்கக் குனிந்தவருக்கு முட்டி பிடித்துக்கொண்டதால், ஒரு காலை மடக்கி மண்டியிட்டுத் துழாவினார். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தடதடவென்று மண்டியிட்டார்கள். எதிர்ப்பக்கம் மாப்பிள்ளையின் சொந்தங்கள் திகைத்து, தாங்கள்தான் எதையோ கவனிக்கத் தவறிவிட்டோம் என்று எண்ணி, ஒவ்வொருவராக அவர்களும் மண்டியிட்டார்கள். அப்பா கைக்குட்டையோடு எழுந்து பார்த்தால், கோயிலில் நின்றுகொண்டிருந்தவர்கள் அவரும் வாசகம் படித்த பெண்ணும் மட்டும்தான். அப்பா மறுபடி மெதுவாக மண்டியிட்டார். என் பக்கத்தில் மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. "பார்க்காத," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "தயவுசெஞ்சு என்னையப் பார்க்காத."

சாமியார் எங்கள் இருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி மைக்கைக் கையில் எடுத்தார். கோயில் அமைதியானது. "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனத்தோடு, திருமணம் செய்துகொள்ள இங்கே வந்திருக்கிறீர்களா?"

நான் மூச்சை இழுத்தேன்.

"வந்திருக்கோமுங்க சாமி!" என்றார் அப்பா.

"வந்திருக்கோமுங்க!" என்றது அவர் பின்னால் இருந்த கூட்டம். அது அடங்கியபின், தன் பங்குக்கு என் பெரியம்மா தனியாக, "மேட்டுப்பாளையத்துல இருந்து வந்திருக்கோமுங்க" என்றார்.

சாமியார் மைக்கைக் கீழே இறக்கினார். உதட்டைக் கடித்தார். மேற்கூரையைப் பார்த்தார். பிறகு, "நீங்க வந்திருக்கறது நல்லாவே தெரியுதுங்க" என்றார். "பொண்ணு மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை சொல்லட்டுங்களா?"

கோயிலே சிரித்தது. பீடத்துக்குப் பக்கத்தில் நின்ற பாடகர் குழு சிரித்தது. எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விக்கல் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை தன் வாக்குறுதியை ஒருவழியாகச் சொல்லி முடித்தார். என் முறை வந்தது. "இன்பத்திலும்" என்றேன், விக்கினேன். "துன்பத்திலும்" என்றேன், விக்கினேன். மாமியார் எழுந்து நேராகப் பீடத்துக்கே தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டார். கோபமாக இருப்பார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கண்ணில் நீர் வழிய, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "குடி கண்ணு, குடிச்சுப்போட்டுச் சொல்லு."

குடித்துவிட்டுச் சொன்னேன். வாரக்கணக்கில் மனப்பாடம் செய்த வரிகள்தான். அதில் வந்த கடவுளை எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனால் என் பக்கத்தில் நின்ற ஆளைத் தெரியும். சொல்லி முடித்தபோது தரையில் நிற்பதுபோலவே இல்லை. யாராவது லேசாகத் தள்ளியிருந்தால் அப்படியே மிதந்து போயிருப்பேன்.

சாப்பாட்டுப் பந்தியில் சாமியார் அப்பாவைத் தேடி வந்தார். "அடிக்கடி வாங்க. எங்க சர்ச்சுல இவ்வளவு சத்தமா யாருமே பதில் சொல்றதில்ல."

"எனக்கு நம்பிக்கை இல்லீங்களே சாமி."

"பரவாயில்லீங்க. சத்தம் இருக்குதில்லீங்களா?"

அடுத்த வாரம், அம்மா எனக்காக வைத்திருந்த வேண்டுதலுக்காகக் கொடுமுடி சிவன் கோயிலுக்குப் போனோம். மாமியாரும் ஊர் பார்க்க வந்தார். கோபுர வாசலில் அம்மா அப்பாவை மடக்கினார். "ஏனுங்க, அங்க மட்டும் அந்தச் சத்தம் போட்டீங்க. இங்க உள்ள வந்தா என்னவாம்?"

"இங்க ஐயரு அவரு பாட்டுக்குச் சொல்லிக்கறாரு. என்னைய ஒண்ணும் கேக்கறதில்லியே" என்றார் அப்பா.

உள்ளே வராத இரண்டு பேரையும் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு நாங்கள் போனோம். பூசை முடிந்து வெளியே வந்தால், காவிரிப் படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் சாமியாரைப் போலக் கைகளை விரித்து ஏதோ கேட்க, அப்பா மார்பில் கைவைத்துப் பதில் சொல்ல, சிரிக்கிற சிரிப்பில் மாமியாரின் கையிலிருந்த டீ முழுவதும் படியில் சிந்திக்கொண்டிருந்தது.

அம்மா பிரசாதத் தட்டோடு நின்று பார்த்தார். "சாமி கும்பிட்ட நாம வெயில்ல வாடி வாரோம்," என்றார் என்னிடம். "கும்பிடாதவிங்களப் பாரு."

பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லுங்க, என்னன்னு" என்றார்.