கொடைக்கானல் புல்

தொண்ணூறுகளில் ஒரு விடுமுறை. கோல்ஃப் ஆட ஊட்டி போகலாமா, கொடைக்கானல் போகலாமா என்று கோவையில் வாடகைக் கார் ஓட்டுநரிடம் கேட்டேன். காதோரம் நரைத்த காங்கேயத்துக்காரர்.

"கொடைக்கானலுங்க. புல்லு அங்கதானுங்க நல்லாருக்கும்."

எந்த லாட்ஜில் கமிஷனோ என்று நினைத்துக்கொண்டேன்.

மைதானத்தில் நான் ஆடும்போதெல்லாம் அவர் குனிந்து எதையோ எடுத்துப் பேன்ட் பையில் போட்டார். என் பந்து இரண்டைக் காணோம்.

"பையில் என்ன?" என்று அதட்டினேன்.

பையை வெளியே இழுத்தார். வேரோடு புல் உதிர்ந்தது.

"மாட்டுக்கு ஆகுமானு நம்ம காட்டுல நட்டுப் பாக்கலாம்னுங்க."

கோவை திரும்பும் வரை, டீ குடித்துவிட்டு வண்டியேறும்போதெல்லாம், கேட்காமலே இரண்டு பைகளையும் இழுத்துக் காட்டிவிட்டு, "போலாமுங்களா?" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.